மல்லப்பன் உரித்த மரம்

இருபத்திரண்டு வருடம் மல்லப்பன் செய்த தொழில் மரப்பட்டை உரிப்பது. மைசூர் மேட்டகள்ளியில் எங்கள் வீட்டுக்கு எதிரே, மாடியில் குடியிருக்கிறார். இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊர், ஹனூர்ப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் மார்டள்ளி. கல்யாணமான மறுவருடம் மழை ஏமாற்றியதில், மனைவி பசம்மாவோடு மைசூருக்கு வந்து, நாட்டுமருந்துச் சரக்கு விற்கும் மண்டி ஒன்றில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது எந்தப் பட்டை, எந்த வேர் என்று முகர்ந்து சொல்லிவிடுவாராம். அதைக் கவனித்த மண்டிக்காரர் ஆறே மாதத்தில் அவரை ஆற்றங்கரைகளுக்கு அனுப்பினார்.

அவர் சொன்னதையும், பிறகு நானே போய்ப் பார்த்துக் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போட்டே எழுதுங்க. மறைச்சு என்னாகப் போகுது?" என்றார்.

ஆற்றங்கரையில் அவர் தேடிப் போனது நீர்மருது. மார்டள்ளிப் பக்கம் மத்தி என்பார்கள். கன்னடத்தில் ஹொளெமத்தி, அதாவது ஆற்று மத்தி. கபினியும் காவிரியும் ஓடும் வழியெல்லாம் நீரை ஒட்டி நிற்கும் மரம். பெரும்பாலும் யாரும் நட்டதில்லை. ஐந்து சிறகு வைத்த அதன் காய் கோடையில் உதிர்ந்து, புது வெள்ளத்தில் மிதந்து போய், ஒதுங்கிய இடத்தில் முளைத்துக்கொள்ளும். அடிமரம் மடிப்பு மடிப்பாக விரிந்து கரையைக் கவ்வியிருக்கும். மேல்தோல் வெளிறிய சாம்பல் நிறம். தாள் தாளாகத் தானே உதிரும். அதற்கு அடியில் விரல் தடிமனுக்குச் செம்மையாக இருக்கும் உள்பட்டையைத்தான் இதய நோய்க்கான நாட்டு மருந்துகளில் சேர்ப்பார்கள்.

அதை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கீறி, அடியில் இருக்கும் வழவழப்பான மெல்லிய சவ்வில் கத்தி படாமல் பட்டையை நெம்பி எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு வருடம் அந்த மரத்தைத் தொடக் கூடாது. புண் ஆறி, புதுப் பட்டை மூடிவிடும். மல்லப்பனுக்கு இந்தக் கைப்பக்குவம் சீக்கிரமே வந்துவிட்டது. தன் உயரத்துக்கு ஒரே துண்டாகப் பட்டையைப் பெயர்த்து எடுப்பார். கரையோர விவசாயிகள் நம்பி மரத்தைக் காட்டினார்கள்.

அப்படிக் காட்டியவர்களில் ஒருவர் லிங்கப்பன். டி.நரசிபுரத்துக்கு முன்னால், கபினி காவிரியில் போய்ச் சேர்வதற்குச் சற்று மேலே, இரண்டு ஏக்கர் நெல் வயல் அவருக்கு. வயலின் ஓரத்தில் ஆறு. ஆற்றின் விளிம்பில் இரண்டு நீர்மருது. கீழ்ப்பக்கம் நின்ற மரத்தை நான்கு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். அதன் பொந்தில் ஒரு மீன் ஆந்தை இருந்தது. சித்திரையில் பூக்கும்போது மலைத்தேனீக்கள் வந்து மொய்க்கும். லிங்கப்பனின் பம்பு செட்டு அந்த மரத்து நிழலில்தான்.

2017 ஜனவரி. வறட்சி. ஆறு நடுவில் ஒரு கயிறு போல ஓடிக்கொண்டிருந்தது. லாரியோடு வந்த மல்லப்பனிடம் லிங்கப்பன் சொன்னது ஒரே வாக்கியம்: "வழக்கம் போல ஒரு முழம் எடுத்துக்கோ." சொல்லிவிட்டு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மனைவி கௌரம்மாவோடு குண்டலுபேட்டைக்குப் பஸ் ஏறினார்.

அன்று லாரி பாதிகூட நிறையவில்லை. மூன்று ஊரில் மரம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மண்டியிலிருந்து போன் மேல் போன். காலியாக வராதே என்றார்கள். மத்தியானம் வரை மல்லப்பன் கீழ்ப்பக்கத்து மரத்தில் முறைப்படிதான் எடுத்தார். அப்புறம் பக்கத்தில் இன்னொரு முழம் கீறினார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை, முழு மரத்தையும் சுற்றி உரித்து முடித்தார். அடுத்த மரத்துக்குப் போய் அதையும் முக்கால் சுற்று எடுத்தார். கிழக்குப் பக்கம் இரண்டு சாண் அகலப் பட்டை மிச்சமிருக்கும்போது லாரி நிறைந்துவிட்டது.

"எடம் இருந்திருந்தா அதையும் எடுத்திருப்பேனுங்க" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றி உரித்த மரம் உடனே சாகாது. மேலே வழக்கத்தை விடச் செழிப்பாகக்கூட இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். அந்தச் சித்திரையில் லிங்கப்பனின் மரம் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பூத்தது. அந்த வழியாக வேறொரு கரைக்குப் போன மல்லப்பன், பஸ்ஸிலிருந்து அந்த வெண்மஞ்சள் பூச்சரங்களைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவுமில்லை.

அடுத்த கோடையில் மரம் இலை விடவில்லை. ஆந்தை போய்விட்டது. காய்ந்த மரமாக இன்னும் ஒரு வருடம் நின்றது.

2019 ஆகஸ்டில் வயநாட்டில் கொட்டிய மழைக்குக் கபினி அணையைத் திறந்துவிட்டார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வயல் வரப்பைத் தொட்டது. லிங்கப்பன் பம்பு மோட்டாரைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவரப் போனார். தம்பி தொட்டையன் கயிறு எடுத்துக்கொண்டு பின்னால் போனார். இருபது அடி தூரத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்த மரம் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. உயிரற்ற வேர் மண்ணைப் பிடித்திருக்கவில்லை. மரத்தோடு கரையும், கரையோடு பம்பு செட்டும் போயின. அதோடு லிங்கப்பனும் போய்விட்டார். மூன்றாம் நாள் சங்கமத்துக்குக் கீழே உடல் கிடைத்தது. மரம் நானூறு அடி தள்ளி ஒரு திட்டில் தட்டி நின்றது.

மல்லப்பனின் மகள் மோகனப்ரியா ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். வெள்ளச் செய்தியோடு போனுக்கு வந்த போட்டோவை அவள்தான் சாயங்காலம் அப்பாவிடம் காட்டினாள். "அப்பா, நீங்க போவீங்களே, அந்த ஊர்தானே இது?"

திட்டில் கிடந்த மரத்தின் அடி போட்டோவில் தெரிந்தது. நடுவில் வெளிறிய, அகலமான ஒரு வளையம். அதன் மேல் விளிம்பில் ஒரு முழத்துக்கு ஒருமுறை கத்தி நின்று திரும்பிய தடம். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தடம் உண்டு. அது தன் கை என்று மல்லப்பனுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று பசம்மாவிடம் மட்டும் சொன்னார். பசம்மா பயந்துபோனார். "ஏனுங்க, வெளிய மூச்சு உட்டுறாதீங்க. வெள்ளத்துல போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

மறுநாளிலிருந்து அவர் மண்டிக்குப் போகவில்லை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, செடி வெட்டுவது. ஆளே மாறிவிட்டதாக நாங்கள் பேசிக்கொண்டோம். வாசலில் நின்று பேசமாட்டார். ஐந்து மாதம் இப்படியே போனது. கடைசியில் பசம்மாவே சொன்னார்: "இத வயித்துல கட்டிக்கிட்டு நீங்க சோறும் திங்கறதில்ல, ஒரு வார்த்தை பேசறதுமில்ல. போயி சொல்லிப்போட்டு வந்துருங்க. புடிச்சுக் குடுத்தாக் குடுக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்."

2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.நரசிபுரம் பஸ்ஸில் போய் இறங்கினார்.

கௌரம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"யாரு?"

"மைசூர்லருந்து வரேன்மா. பட்டைக்கு வர மல்லப்பன்."

"மரம் போயிடுச்சு. இங்க பட்டை இல்லை."

"பட்டைக்கு வரலைம்மா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கௌரம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. இடுப்போடு பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவர் உன்கிட்ட எவ்வளவு எடுக்கச் சொன்னார்?"

"ஒரு முழம்."

"நீ எவ்வளவு எடுத்தே?"

"சுத்தி எடுத்துட்டேன்மா."

கௌரம்மா சொன்னார்: "கல்யாணத்துலருந்து திரும்பி வந்ததும் பார்த்தார். சாணியும் களிமண்ணும் குழைச்சு மரத்தைச் சுத்தி அப்பினார். காய்ஞ்சு விழ விழ மறுபடியும் அப்புவார். உன் பேரை யார்கிட்டயும் சொல்லலை. நான்தானே எடுத்துக்கோன்னு சொன்னேன், தப்பு என்னுதுதான்னார்."

மல்லப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தது அடியும் வசவும் போலீஸும். களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கௌரம்மா மறுபடி தூற்ற ஆரம்பித்தார். ஒரு மூட்டை நெல்லைத் தூற்றினார். முடித்த பிறகு, "போலீசுக்குச் சொன்னா உன்னைக் கொண்டுபோய் உள்ள வைப்பாங்க. வைக்கட்டும். என் கரையை யாரு கட்டறது?" என்றார். "மேல்பக்கம் இன்னொண்ணு நிக்குது. பாதி காய்ஞ்சிருச்சு. அதுவும் விழுந்தா மிச்ச வயலும் போகும். என் கொழுந்தன் வயலும் போகும். அதைக் காப்பாத்த முடியுமா உன்னால?"

"தெரியலைம்மா."

"தெரிஞ்சவங்களைக் கேளு. வருஷா வருஷம் மைசூர்லருந்து ஒரு டீச்சரம்மா டேப்பு பிடிச்சு மரத்தை அளந்துட்டுப் போவாங்க. நம்பர் வீட்டுச் சுவத்துல எழுதியிருக்கு."

அந்த டீச்சரம்மா ஸ்ரீதேவி. மைசூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. ஒன்பது வருடமாகக் கபினிக் கரையில் இருக்கும் நீர்மருதுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தவர். மல்லப்பன் போய் நின்று ஊரையும் தான் செய்ததையும் சொன்னதும் நோட்டை எடுத்துப் புரட்டினார். லிங்கப்பனின் மரம் நூற்றுப் பதினான்காம் எண். 2017 மார்ச்சில் எடுத்த போட்டோவை ஒட்டி, பக்கத்தில் எழுதியிருந்தார்: "முழு வளையமாக உரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருடம் தாங்கலாம். செய்தவர் யார் என்று தெரியவில்லை."

"இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார் ஸ்ரீதேவி.

அவர் கோபக்காரர். அன்று அரைமணி நேரம் மல்லப்பனை உட்காரச் சொல்லாமலே பேசினார். இந்த மரம் போனால் எது எதெல்லாம் போகும் என்று சொன்னார். ஹனூர்க் காட்டுப் பக்கம் காவிரிக் கரையில் இந்த மரத்து உச்சியில்தான் சாம்பல் மலை அணில் கூடு கட்டுகிறது. தேனீ, ஆந்தை, நிழலில் ஒதுங்கும் மீன் குஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே கரை. சிமெண்டுச் சுவர் கட்டினால் ஆறு அதன் அடியைப் பறித்துவிடும். மருது வேர் தண்ணீருக்கு வழிவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். "உங்க கையில இவ்வளவு வித்தை இருந்து என்ன பிரயோஜனம்?" என்று முடித்தார்.

பிறகு அவரே வழியும் சொன்னார். முக்கால் சுற்று உரித்த மரத்தின் அடியில் மருதுக் கன்றுகளை நட வேண்டும். அவை ஆளுயரம் வளர்ந்ததும், உரித்த இடத்துக்கு மேலே பெரிய மரத்தின் பட்டையைக் கீறி, கன்றின் நுனியைச் சீவி உள்ளே செருகிக் கட்ட வேண்டும். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது போலத்தான். ஒட்டிக்கொண்டால், மேலே இருக்கும் உணவு கன்றின் தண்டு வழியாகக் கீழே இறங்கும். கன்றின் வேர் பெரிய மரத்தின் வேராகிவிடும்.

"ஒட்டுமாங்க?"

"மருதுல நான் பண்ணிப் பார்த்ததில்லை. ஒட்டாமலும் போகலாம்."

கோடையில் காய் விழத் தொடங்கியதும் மல்லப்பன் அந்த மரத்தடியிலிருந்தே இரண்டு சாக்கு பொறுக்கினார். பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய நாலாம் நாள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மேட்டகள்ளித் தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு மொட்டைமாடியில் மல்லப்பனும் பசம்மாவும் காயைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பால் பாக்கெட்டிலும் உடைந்த வாளியிலும் மண் நிரப்பிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன செடி என்று நான் என் மாடியிலிருந்து கேட்டேன். "மத்திங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீர் வண்டி மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த காலம் அது. பசம்மா அரிசி கழுவிய தண்ணீரைக்கூட மாடிக்குத்தான் சுமந்து போவார். தேறியதென்று பொறுக்கிப் புதைத்த நானூறு விதையில் இருநூற்றுப் பத்து முளைத்தது.

ஆடி முடிந்து பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் ஞாயிறுதோறும் இருபது முப்பது கன்றாகக் கூடையில் கொண்டுபோனார். உடைந்த கரையில் வரிசையாக நட்டார். மேல்பக்கத்து மரத்தைச் சுற்றி, வேர் மடிப்புகளுக்கு இடையில் பதினொன்று வைத்தார். முள் வெட்டி வேலி போட்டார். கௌரம்மா அருகில் வரமாட்டார். வயலில் வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டிருப்பார். ஊரில் கேட்டவர்களிடம், "கரை வேலைக்கு ஆள் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

2021 ஆடி. அடிமரத்துக் கன்றுகள் ஆறடியைத் தாண்டியிருந்தன. மழை தொடங்கிப் பட்டை இளகும் சமயம் பார்த்து ஸ்ரீதேவி வந்தார். ஆனால் கத்தியைத் தொட்டது மல்லப்பன்தான். இருபத்திரண்டு வருடம் பழகிய கை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சவ்வு கீறாமல், கன்றின் நுனி நுழையும் அளவுக்கு மட்டும் பட்டையைத் தூக்கினார். செருகி, சிறிய ஆணி இறக்கி, சணல் கட்டி, மெழுகும் களிமண்ணும் பூசினார். ஸ்ரீதேவி அன்று அவரிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாவது ஒட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது தொட்டையன் வந்தார். ஏணிமேல் நிற்பவரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அண்ணன் கண்ணெதிரே போனதிலிருந்து அவர் சரியாக இல்லை, ஆற்றுப் பக்கமே வருவதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

"லாரியோட வந்தவன் நீதானே?"

மல்லப்பன் இறங்கினார். "ஆமாங்க."

"மரத்தை உரிச்சது நீ?"

"நான்தாங்க."

தொட்டையன் அடித்த அடியில் மல்லப்பன் கரைச்சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தார். எழுந்து வந்தவரை மறுபடியும் அடித்தார். மல்லப்பன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஸ்ரீதேவி கத்தினார். ஆத்திரம் தீராமல் தொட்டையன் மரத்தடிக்குப் போய்க் கட்டியிருந்த கன்றுகளில் இரண்டை வேரோடு பிடுங்கி ஆற்றில் எறிந்தார். அப்போதுதான் மல்லப்பன் வாய் திறந்தார். "என்னை அடிங்க. அதை விட்டுருங்க."

கௌரம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"தொட்டய்யா, நிறுத்து. எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா இவனை உள்ள விட்டீங்க, அண்ணி?"

"இவன் அடிபட்டுச் செத்தா உங்க அண்ணன் எழுந்து வருவாரா? இந்த மரம் போனா அடுத்தது உன் வயல். அதையும் யோசிச்சுக்கோ. புருஷனைப் பறிகொடுத்தவ நான். இவனை என்ன பண்றதுன்னு நான் சொல்றேன்."

தொட்டையன் மண்ணில் உட்கார்ந்து அழுதார். கயிறு கையில் இருந்தும் வீச நேரமில்லையே என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். கௌரம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிய மல்லப்பன் ஏணியில் ஏறி மிச்ச ஒட்டுகளைக் கட்டினார். மழை வரும் போல இருந்தது. அன்று விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மிஞ்சிய ஒன்பதில் ஆறு பிடித்துக்கொண்டன. மறு வருடம் மரத்தின் மேற்குப் பக்கக் கிளைகளில், காய்ந்துவிட்டது என்று நினைத்த ஒன்றில், தளிர் வந்தது. ஸ்ரீதேவி போனில் போட்டோ பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வருடம் போகட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்றார்.

மூன்று வருடம் ஆகவில்லை. 2024 ஜூலை கடைசியில் மறுபடியும் வயநாட்டில் பேய்மழை. கபினி முழுக்கத் திறந்துவிடப்பட்டது. மல்லப்பன் தோட்ட வேலை பார்க்கும் குடியிருப்பில் சொல்லிவிட்டு, பஸ் போன வரைக்கும் போய், பிறகு நடந்தார். ஊருக்குள் போனபோது கரை இருந்த இடமே தெரியவில்லை. ஆறு வயலின் பாதி வரை செம்மண் நிறத்தில் விரிந்து ஓடிக்கொண்டிருந்தது. நட்ட கன்றுகள் ஒன்றும் கண்ணில் படவில்லை. மேல்பக்கத்து மருது மட்டும் தண்ணீருக்கு நடுவில் நின்றது.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் எல்லாரும் தங்கினார்கள். கௌரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டையன் ஒரு மூலையில். மல்லப்பன் வெளித் தாழ்வாரத்தில். இரண்டாம் நாள் பெரிய கட்டை ஒன்று மிதந்து வந்து மருதின் அடியில் மோதியதை எல்லாரும் பார்த்தார்கள். மரம் உச்சி வரை ஆடியது. கட்டை சுழன்று விலகிப் போனது.

தண்ணீர் வடிந்ததும் மூன்று பேரும் சேற்றில் இறங்கிப் போனார்கள். கன்றுகள் வண்டலில் படுத்துக் கிடந்தன, ஆனால் வேர் மண்ணைப் பிடித்த பிடியை விடவில்லை. கரையில் நட்ட நூற்று எழுபதில் நூற்றுப் பத்தொன்பது உயிரோடு இருந்தன. புதிதாக மோட்டார் வைக்க வேண்டும் என்று நடாமல் விட்டிருந்த இடத்தில் மட்டும் கரை ஒரு ஆள் நீளத்துக்கு உடைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நின்றது. மருதின் ஆறு ஒட்டுகளில் ஒன்று கட்டை மோதியதில் முறிந்துவிட்டது. ஐந்து இருந்தன, கைத்தடி அளவு தடித்து.

தொட்டையன் சாய்ந்து கிடந்த ஒரு கன்றை நிமிர்த்தி, காலால் மண் அணைத்தார். அப்புறம் அடுத்ததை. மாலை வரை மூவரும் அதைச் செய்தார்கள்.

அடுத்த வாரம் லிங்கப்பனின் திதி. மல்லப்பன் கிளம்பும்போது தொட்டையன் தானாகவே, "அண்ணன் திதிக்கு நீயும் வா" என்றார்.

மல்லப்பன் பதில் சொல்வதற்குள் கௌரம்மா குறுக்கிட்டார். குரலில் கோபம் இல்லை. "வேண்டாம் மல்லப்பா. மத்த நாளெல்லாம் வா. உனக்கு இங்க வேலை இருக்கு. அந்த ஒரு நாள் மட்டும் வராதே. அன்னைக்கு உன்னைப் பார்க்க என்னால முடியாது."

"சரிங்கம்மா" என்றார் மல்லப்பன்.

இதை என்னிடம் சொன்னபோது மனத்தாங்கல் ஏதும் தெரியவில்லை. "அவுங்க சொன்னதுதாங்க சரி. தொட்டையன் கூப்புட்டது பெரிய மனசு. ஆனா அந்தம்மாதானுங்களே இழந்தவுங்க" என்றார்.

திதியன்று அவர் மைசூரிலேயே இருந்தார். வழக்கம் போலத் தோட்ட வேலைக்குப் போய் வந்தார். பசம்மா அன்று வெறும் ரசம் சோறுதான் வைத்தார்.

போன மாதம் நான் அவரோடு கபினிக் கரைக்குப் போனேன். ஒட்டின் சணல் கட்டுகளைத் தளர்த்தும் வேலை. தண்டு பருக்கப் பருக்கக் கட்டு இறுகி, பட்டையை அறுத்துவிடும். வருடம் ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். கௌரம்மா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். மல்லப்பன் பிழையை நீங்கள் பொறுத்துவிட்டீர்களா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே என்னைப் பார்த்து, "மைசூர்லருந்தா? மரம் பார்க்கவா? போய்ப் பாருங்க. ஜாக்கிரதை, சரிவு வழுக்கும்" என்றார்.

மல்லப்பன் ஏணியில் நின்று, ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, பழைய சணலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டிய இடத்தில் கன்றின் பட்டையும் மரத்தின் பட்டையும் எங்கே சேர்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. விரலை வைத்துக் காட்டினார்.